விசாகப்பட்டினத்துப் புயலும் முக்திநாத்துப் பனியும்

புரட்டாசி பிறந்துவிட்டால் எனக்கு ஃபோன் வர ஆரம்பித்துவிடும். கோரக்பூர் கிளையில் சில வருடங்கள் குப்பை கொட்டியதன் பலன் இது. முக்திநாத் போகும் நம்மவர்கள் பலரும் கோரக்பூரில் ரயிலை விட்டு இறங்கி, சுனௌலி எல்லையைத் தாண்டி, போக்ரா வழியாகத்தான் போவார்கள். நான் லக்னோவுக்கு மாற்றலாகி வந்த பிறகும் அந்த ஃபோன்கள் நிற்கவில்லை. திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமத்தை ஒருமுறை சேவித்துவிட வேண்டும் என்கிற அறுபது வயதுக்காரர்கள் ஒரு பக்கம். அதே மலையைச் சுற்றி அன்னபூர்ணா சர்க்யூட் நடக்கக் கிளம்பும் பெங்களூர், புனே ஐடி பிள்ளைகள் இன்னொரு பக்கம். இரண்டு கட்சியும் ஒரே வசனத்தைத்தான் சொல்கிறது: "அக்டோபர்தானே சார், ஸீஸன்!"

ஸீஸன்தான், மறுக்கவில்லை. பருவமழை விலகி, வானம் கழுவிவிட்ட மாதிரி இருக்கும். சிகரங்கள் பளிச்சென்று தெரியும். ஆனால் நம் ஊர்க் கணக்கில் இது என்ன மாதம்? ஐப்பசி. அடைமழை மாதம், வங்கக் கடலில் புயல் உருவாகும் மாதம். சென்னையில் குடை பிடிக்கும் மாதமும் இமயத்தில் கேமரா பிடிக்கும் மாதமும் ஒன்றுதான். இந்த இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று நானும் என் சக ஊழியர்களும் நினைத்துக்கொண்டிருந்தோம், 2014 வரைக்கும்.

அந்த வருடம் அக்டோபர் முதல் வாரத்தில் அந்தமான் கடலில் ஒரு தாழ்வு நிலை உருவானது. 8-ம் தேதி அது புயலானது. பெயர் ஹுட்ஹுட். ஓமன் கொடுத்த பெயர், நம் கொண்டலாத்திப் பறவைதான். (இவ்வளவு அழகான பறவையின் பெயரை ஏன் இதற்குப் போய் வைத்தார்களோ!) அக்டோபர் 12, ஞாயிற்றுக்கிழமை மதிய வாக்கில் விசாகப்பட்டினத்தில் கரையேறியது. மணிக்கு 180 கிலோமீட்டரை ஒட்டிய காற்று. விமான நிலையத்தின் கூரையே பிய்ந்து போனதை டிவியில் பார்த்திருப்பீர்கள். செய்தி சானல்களைப் பொறுத்தவரை அன்றோடு கதை முடிந்தது.

புயல் அங்கே முடியவில்லை. வலுவிழந்து, சத்தீஸ்கர் வழியாக வடக்கே ஏறி, 14-ம் தேதி கிழக்கு உத்தரப் பிரதேசத்துக்கு வந்து சேர்ந்தது. அன்று கோரக்பூரில் எங்கள் கிளைக்கு வாடிக்கையாளரே இல்லை. பீரோவிலிருந்து ஸ்வெட்டரை எடுக்கலாமா என்று யோசிக்க வைக்கும் அளவுக்கு ஊதல் காற்று, மழை. தீபாவளிக்கு முன்னாலேயே குளிர் வந்துவிட்டது என்று பியூன் சந்தோஷப்பட்டார்.

மேப்பை எடுத்து வைத்துப் பாருங்கள். விசாகப்பட்டினத்திலிருந்து ஏறக்குறைய நேர் வடக்கே சுமார் 1,200 கிலோமீட்டரில் இருக்கிறது முக்திநாத். அதற்குக் கிழக்கே தோரோங் லா கணவாய், உயரம் 5,416 மீட்டர். அன்னபூர்ணா சர்க்யூட் நடப்பவர்கள் மனாங் பக்கமிருந்து ஏறி, இருட்டோடு கிளம்பி, காலையில் கணவாயைத் தாண்டி, 1,600 மீட்டருக்கு மேல் இறங்கி முக்திநாத்துக்கு வருவார்கள். அந்த 14-ம் தேதி காலையிலும் அப்படித்தான் கிளம்பினார்கள். அதற்கு முந்தைய நாட்களில் வானிலை நன்றாக இருந்தது. லேசாகப் பனி விழுகிறது, போகப் போக விட்டுவிடும் என்று நினைத்தவர்கள் நிறைய. விடவில்லை. பன்னிரண்டு மணி நேரத்தில் சுமார் 1.8 மீட்டர் விழுந்ததாக மதிப்பிட்டார்கள். ஓர் ஆள் உயரம்! பாதை மறைந்தது, பக்கத்தில் நடப்பவரே தெரியவில்லை.

கணவாயின் உச்சியில் ஒரு சின்ன டீக்கடை உண்டு. கண்ணில் பட்டவர்கள் அதற்குள் ஒதுங்கினார்கள். எப்படியாவது இறங்கிவிடலாம் என்று அங்கிருந்து கிளம்பியவர்களில் பலர் முக்திநாத் பக்கத்துச் சரிவில் இறந்தார்கள். கடைக்குள்ளேயே நெருக்கி உட்கார்ந்து, தூங்கினால் உடம்பு விறைத்துவிடும் என்று ஒருவரையொருவர் உலுக்கி விழித்திருந்தவர்கள் மறுநாள் உயிரோடு இருந்தார்கள். குளிர் உடம்பின் சூட்டை இறக்கும்போது முதலில் எடுத்துக்கொண்டு போவது யோசிக்கும் திறனைத்தான் என்று மருத்துவர்கள் சொல்வார்கள். இருப்பதா, இறங்குவதா என்ற முடிவை அந்த நிலையில் எடுக்க வேண்டியிருந்தது.

அந்தப் புயலில் நேபாள மலைகளில் இறந்தவர்கள் குறைந்தது 43 பேர். இஸ்ரேலியர்கள், கனடாக்காரர்கள், இந்தியர்கள் என்று பல நாட்டவர். தௌலாகிரி அடிவார முகாமில் பனிச்சரிவில் போனவர்களும் இதில் அடக்கம். 500-க்கும் மேற்பட்டவர்களை மீட்டார்கள். பத்திரிகைகளில் வெளிநாட்டுக்காரர்களின் படங்கள் வந்தன. கூடவே இறந்த நேபாளத்து வழிகாட்டிகள், போர்ட்டர்கள், யாக் மேய்ப்பவர்கள் ஒரு வரியில் முடிந்தார்கள். அடுத்தவர் மூட்டையில் இருக்கும் இறகு ஜாக்கெட்டைச் சுமந்தபடி, கான்வாஸ் ஷூவோடு பனியில் நடப்பவர்கள் இவர்கள். இது எனக்கு இன்னும் ஆறவில்லை.

சரி, கடல் புயல் மலையில் எப்படிப் பனியாகிறது? கரையேறியதும் புயலுக்குக் காற்றின் வேகம் போய்விடும், ஈரம் போகாது. சாதாரணமாக அந்த ஈரம் ஒடிசா, சத்தீஸ்கர் பக்கம் மழையாகக் கொட்டித் தீர்ந்துவிடும். ஆனால் அக்டோபரில் மேற்கிலிருந்து உயரக் காற்றில் அலை அலையாகத் தாழ்வுகள் இமயத்தை நோக்கி வரத் தொடங்கியிருக்கும். அப்படி ஒன்று அந்த நேரம் பார்த்து வந்தால், புயலின் மிச்சத்தை அப்படியே வடக்கே இழுத்துக்கொள்ளும். ஈரக் காற்று மலையில் மோதி மேலே ஏறும். ஆயிரம் மீட்டருக்கு ஆறேழு டிகிரி வீதம் குளிரும். கீழே கோரக்பூரில் மழை, மேலே தோரோங் லாவில் பனி. எங்கள் பாஷையில் சொன்னால், விசாகப்பட்டினத்தில் போட்ட செக் இரண்டு நாள் கழித்து முக்திநாத்தில் பாஸாகிறது. எல்லாச் செக்கும் பாஸாவதில்லை என்பதுதான் ஆபத்தே. நாலு தடவை ஒன்றும் ஆகாமல் போனால் ஐந்தாவது தடவை யார் கவனிக்கிறார்கள்?

இது 2014-ல் புதிதாக நடந்ததும் இல்லை. 1995 நவம்பர் 9 அன்று ஒரு வங்கக் கடல் புயல் ஒடிசாவில் கோபால்பூர் அருகே கரையேறியது. அடுத்த இரண்டு நாட்களில் எவரெஸ்ட் வட்டாரத்தில் எதிர்பாராத பனி. கோக்யோ பள்ளத்தாக்கில் பங்கா என்ற இடத்தில் பனிச்சரிவு விழுந்து 13 ஜப்பானியர்களும் அவர்களோடு வந்த நேபாளிகளும் இறந்தார்கள். நூற்றுக்கணக்கானவர்களை ஹெலிகாப்டரில் மீட்டார்கள். அதே வங்கக் கடல், அதே இரண்டு நாள் கணக்கு. பத்தொன்பது வருடம் கழித்து அதே பாடத்தை மறுபடி படித்தார்கள். ஹுட்ஹுட்டுக்குப் பிறகு, முன்னெச்சரிக்கை ஏற்பாடு வேண்டும் என்று அன்றைய நேபாளப் பிரதமர் சுஷில் கொய்ராலா சொன்னார். கடற்கரைக்கு நாலு நாள் முன்னதாகவே எச்சரிக்கை போய், லட்சக்கணக்கானவர்களை அப்புறப்படுத்திய அதே புயலுக்குத்தான் இது.

நம் பக்கத்துக் கதை 2021-ல். அக்டோபர் 18, 19 தேதிகளில் உத்தராகண்டில் பேய்மழை. முக்தேஷ்வரில் ஒரே நாளில் 340.8 மில்லிமீட்டர். அங்கே 1897 முதல் கணக்கு வைத்திருக்கிறார்கள், அவ்வளவு பெய்ததே இல்லை. வானிலைத் துறை முன்கூட்டியே சிவப்பு எச்சரிக்கை கொடுத்தது. சார்தாம் யாத்திரையை அரசாங்கம் நிறுத்தி வைத்தது. இதைப் பாராட்டத்தான் வேண்டும், பத்ரிநாத் கிளம்பிய நம்மவர்கள் முணுமுணுத்துக்கொண்டே ஹரித்வாரிலும் ரிஷிகேஷிலும் தங்கிப் பிழைத்தார்கள். ஆனால் அதற்குச் சில நாட்கள் முன்பே ஹர்ஷிலிலிருந்து லம்காகா கணவாய் வழியாக இமாச்சலத்தின் சித்குலுக்கு ஒரு குழு நடக்கக் கிளம்பியிருந்தது. பெரும்பாலும் வங்காளத்துக்காரர்கள், துர்கா பூஜை லீவு. சாலையில் போகும் பஸ்ஸைத் தடுப்பு வைத்து நிறுத்தலாம். ஐயாயிரம் மீட்டரில் டவர் இல்லாத இடத்தில் நடந்துகொண்டிருப்பவரிடம் சிவப்பு எச்சரிக்கையை யார் போய்ச் சொல்வது? அந்தக் குழுவில் பலர் திரும்பவில்லை.

ஆகவே, முக்திநாத்துக்கு ஜீப்பில் போகிற மாமா மாமிகளுக்கு ஒரு வார்த்தை. சாலை அடைபட்டோ ஜோம்சோம் விமானம் ரத்தாகியோ நீங்கள் இரண்டு நாள் மாட்டிக்கொள்ள நேரலாம். திரும்பும் ரயில் டிக்கெட்டை அதற்குத் தகுந்த மாதிரி போடுங்கள். நடக்கப் போகும் பிள்ளைகளுக்குத்தான் விஷயம். கிளம்பும் முன் காத்மாண்டு வானிலையோடு வங்கக் கடலையும் பாருங்கள். கரையேறும் தேதியிலிருந்து நாலு நாளைக்குக் கணவாய் எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். இந்தியப் பக்கத்தில் அனுமதியில்லாமல் சேட்டிலைட் ஃபோன் வைத்திருப்பதும் சட்டப்படி குற்றம், அதை நம்பிப் போக முடியாது. கடைசி டவர் இருக்கும் கிராமத்தில் அன்றைய புயல் அறிக்கையைக் கேட்டுவிட்டு, அதற்கப்புறம் மேலே ஏறுங்கள். கூட வரும் போர்ட்டரின் காலில் என்ன ஷூ இருக்கிறது என்பதையும் அங்கேயே பார்த்துவிடுங்கள். அந்த ஊர்க் கடையில் கிடைக்கும்.