எம்டன் வந்த இரவு: 1914 செப்டம்பர் 22 குறித்து ஒரு மறுவாசிப்பு

விடுதலைப் போராளி செண்பகராமன் பிள்ளை, சென்னையைத் தாக்கிய ஜெர்மன் போர்க்கப்பலான எம்டனில் வரவில்லை. இதைச் சொல்ல ஒரு கட்டுரை வேண்டுமா என்று கேட்பவர்கள் ஒருமுறை சடையங்குப்பம் போய்வரலாம். மணலிப் பக்கத்து எண்ணெய்த் தொட்டிகளைப் பார்த்தபடி பேசிக்கொண்டிருந்தபோது அங்கே ஒரு பெரியவர் சொன்னார்: "தொறமொகத்துல கெரசின் டாங்கு எரிஞ்சப்போ இங்கேர்ந்தே வானம் செவப்பாத் தெரிஞ்சிதாம். எங்க ஆயா சொல்லும்." மூச்சு விடாமல் அடுத்ததும் வந்தது: "கப்பல்ல நம்ம ஆளு ஒருத்தர் இருந்தாரு. அவருதான் எடம் காட்டிக் குடுத்தாரு."

முதல் வாக்கியம் ஆயா வழி வந்தது. இரண்டாவதை எங்கே கேட்டீர்கள் என்றேன். "படிச்சதுதான்" என்றார். என் அக்கறை இந்த இரண்டாவது வாக்கியத்தின் மீது.

செண்பகராமனைப் பற்றித் தமிழில் வழங்கிவரும் வரலாறு அவரை எம்டனின் பொறியாளராகவோ துணைத் தளபதியாகவோ காட்டுகிறது. அதன் ஆதாரம் ஆவணமல்ல, ஒரு கேள்வி: ஊரையே அறியாத ஜெர்மானியர்கள் ராத்திரி நேரத்தில் வந்து, பர்மா ஆயில் கம்பெனியின் தொட்டிகளைக் குறிவைத்து அடித்துவிட்டு எப்படிக் காணாமல் போனார்கள்? வழி தெரிந்த ஒருவர் கப்பலில் இருந்திருக்க வேண்டாமா? கேள்வி நியாயமானது, விடைதான் அவசரத்தில் வந்தது. நேதாஜி நீர்மூழ்கியில் போன கதையைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு, அதற்கு முன்பே ஒரு தமிழர் போர்க்கப்பலில் வந்தார் என்பது எவ்வளவு இனித்திருக்கும் என்பதும் புரிகிறது.

முதலில் பயண வழியைப் பார்ப்போம். எம்டன் 1914 ஜூலை 31 அன்று சீனக் கரையிலிருந்த ஜெர்மன் துறைமுகமான சிங்தாவிலிருந்து கிளம்பியது. ரஷ்யக் கப்பலொன்றைப் பிடித்துக்கொண்டு அங்கே ஒருமுறை திரும்பியது. ஆகஸ்ட் நடுவில் பசிபிக்கின் பாகன் தீவில் அட்மிரல் ஷ்பேயின் அணியிலிருந்து பிரிந்து, தனியாக வங்காள விரிகுடாவுக்கு வந்தது. செண்பகராமனோ அந்தக் கோடையில் சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் 'ப்ரோ இந்தியா' இதழை நடத்திக்கொண்டிருந்தார். போர் மூண்ட பிறகு பெர்லினுக்குப் போய் அங்கிருந்த இந்தியர் குழுவோடு சேர்ந்தார். சூரிச்சிலிருந்து சிங்தாவுக்கு ரயிலில் போவதென்றால் ரஷ்யாவைக் கடக்க வேண்டும். ஆகஸ்ட் 1 முதல் ரஷ்யா ஜெர்மனியின் எதிரி. கடல்வழியோ பிரிட்டிஷ் காவலில் இருந்தது.

கப்பலின் முடிவும் இதையே சொல்கிறது. நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி எம்டனை அடித்து நொறுக்கியது. பிழைத்தவர்களில் பெரும்பாலோர் போர்க்கைதிகளானார்கள். கரையிறங்கியிருந்த ஐம்பது பேர் மட்டும் முதல் அதிகாரி ம்யூக்கேயின் தலைமையில் 'ஆயிஷா' என்ற பாய்க்கப்பலில் தப்பி, அரேபியா வழியாக ஊர் திரும்பினார்கள். இந்த இரு கூட்டத்திலும் செண்பகராமன் இல்லை. அவர் போர்க்கப்பலில் இந்தியா வந்தது 1966இல், ஐ.என்.எஸ். டெல்லியில், அஸ்தியாக. பெர்லினில் அவர் இறந்து முப்பத்திரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. இந்தப் பயணம் அந்தக் கதைக்கு ஊட்டமாக இருந்திருக்கலாம் என்று எனக்கு ஓர் ஐயம் உண்டு. நிறுவ என் கையில் ஒன்றுமில்லை.

ஆனால் 'அவர் இல்லை' என்று காட்டிவிட்டால் பெரியவரின் கேள்விக்கு விடை சொன்னதாகாது. எடம் காட்டியது யார்?

உயர் நீதிமன்ற வளாகத்தின் கிழக்குச் சுவரில், கடற்கரைச் சாலையைப் பார்த்த பக்கம், எம்டனின் குண்டு விழுந்ததைச் சொல்லும் ஒரு கல்வெட்டு இருக்கிறது. அவ்வழியே தினமும் போகிறவர்களில் பத்தில் ஒருவர் நின்று படித்திருந்தால் அதிகம். அதில் கப்பலின் பெயர் உண்டு, நாள் உண்டு. இறந்தவர்களின் பெயர் கிடையாது. மூவர் என்றும் ஐவர் என்றும் கணக்கு வேறுபடுகிறது. செத்தவர்களின் எண்ணிக்கையைக்கூட ஒழுங்காக வைத்துக்கொள்ளாத ஓர் இரவு இது.

கல்வெட்டின் வாசகத்தைவிட அது நிற்கும் இடம் எனக்கு முக்கியமாகப் பட்டது. அங்கே நின்று தலையை நிமிர்த்தினால் உயர் நீதிமன்றக் கோபுரம். 1894 முதல் 1977 வரை சென்னையின் கலங்கரை விளக்கம் அதன் உச்சியில்தான் இருந்தது. போர் தொடங்கி ஏழு வாரமாகியும் அன்றிரவு அது வழக்கம்போல் எரிந்துகொண்டிருந்தது. ஊர் விளக்குகளும் அப்படியே. எம்டன் கரைக்கு ஏறத்தாழ மூவாயிரம் கஜம் வரை நெருங்கி, தேடுவிளக்கைப் போட்டு, ஏறக்குறைய 130 குண்டுகளைச் சுட்டது. இரண்டு தொட்டிகள் தீப்பிடித்தன, வேறு சில சேதமடைந்தன. துறைமுகத்தில் நின்ற 'சுப்ரா' கப்பலும் அடிபட்டது. தொட்டிகளைத் தாண்டிப் பறந்த குண்டுகளில் ஒன்றுதான் இந்தச் சுவரில் விழுந்தது. கப்பலுக்கு வழிகாட்டிய விளக்கின் காலடியிலேயே அந்தக் கப்பலின் குண்டு. வழிகாட்டியைத் தேடி சூரிச்சுக்குப் போக வேண்டியதில்லை, கோபுரத்தைப் பார்த்தால் போதும்.

இதை வெறும் ஊகம் என்று தள்ளிவிடாதிருக்க, அதே நாளின் இன்னொரு சம்பவத்தைப் பக்கத்தில் வைக்க வேண்டும். செப்டம்பர் 22 அன்று பசிபிக்கில் தாஹிதித் தீவின் பபேத்தே துறைமுகத்தை ஷார்ன்ஹோர்ஸ்ட், க்னைசெனாவ் என்ற இரு ஜெர்மன் கப்பல்கள் தாக்கின. இவை எம்டனைத் தனியே அனுப்பிவைத்த அதே ஷ்பேயின் கப்பல்கள், எம்டனைவிடப் பெரியவை. அவற்றுக்கு அங்கே நிலக்கரி வேண்டும். கரையிலிருந்த பிரெஞ்சுக்காரர்கள் துறைமுகத்துக்குள் நுழைய உதவும் அடையாளங்களை அழித்தார்கள், நிலக்கரிக்குத் தாங்களே தீ வைத்தார்கள். கண்ணிவெடி இருக்குமோ என்ற அச்சமும் சேர, ஷ்பே உள்ளே நுழையாமல் ஊரைச் சுட்டுவிட்டுத் திரும்பினார். அடையாளத்தை அழித்த இடத்தில் இரண்டு பெரிய கப்பல்களால் காரியம் ஆகவில்லை. விளக்கை எரியவிட்ட இடத்தில் ஒரு சிறிய கப்பல் அரை மணி நேரத்துக்குள் முடித்துக்கொண்டு போயிற்று. உள்ளூர்க்காரர் ஒருவர் இருந்ததும் இல்லாததும் இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்று சொல்ல முடியுமா?

முடியாது என்றே வாதிடுகிறேன். இரண்டும் முழுக்க ஒப்பிடத்தக்கவை அல்ல என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். சென்னையில் எம்டன் துறைமுகத்துக்குள் நுழைய முயலவில்லை, வெளியே நின்றே சுட்டது. கப்பலில் லாட்டர்பாக் போல வணிகக் கப்பல்களில் கிழக்குக் கடல்களைச் சுற்றிய அதிகாரி இருந்தார். பிடித்த கப்பல்களிலிருந்து இந்தியப் பத்திரிகைகளும் கைக்குக் கிடைத்தன. இவை எல்லாம் சேர்ந்தே ஓர் உள்ளூர்க்காரரின் தேவையை இல்லாமலாக்குகின்றன.

சென்னை, பபேத்தே இரண்டில் எது முதலில் நடந்தது? நாள்காட்டியில் இரண்டும் செப்டம்பர் 22. ஆனால் தாஹிதியின் கடிகாரம் சென்னைக்குப் பதினைந்தரை மணி நேரம் போலப் பின்தங்கியது. பபேத்தேயில் காலை ஏழு மணி என்றால் சென்னையில் இரவு பத்தரை. சென்னைத் தாக்குதலை எட்டு மணி என்பாரும் உண்டு, ஒன்பதரை என்பாரும் உண்டு. கப்பல் கடிகாரமும் கரைக் கடிகாரமும் ஒன்றாக ஓடவில்லை என்பதால் இந்த வேறுபாடு என்று நினைக்கிறேன். எதை வைத்தாலும் சென்னை முந்திக்கொள்கிறது: துறைமுகத் தொட்டிகள் எரியத் தொடங்கி ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் பபேத்தேயில் குண்டு விழுந்திருக்கும். ஒரு கப்பல் செய்ததை மற்றவை அப்போது அறியவில்லை.

அன்று சென்னையில் நண்பகல்வாக்கில், அதாவது வட கடலில் விடிந்த சற்று நேரத்தில், ஊ-9 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி அபுகீர், ஹோக், கிரெஸ்ஸி என்ற மூன்று பிரிட்டிஷ் கப்பல்களை ஒன்றரை மணி நேரத்தில் மூழ்கடித்தது. இறந்தவர்கள் 1,459 பேர். அதே நாளில் பிரிட்டிஷ் விமானங்கள் கொலோன், டுஸெல்டார்ஃப் நகரங்களின் செப்பெலின் கொட்டகைகளைத் தேடிப் பறந்தன. பனிமூட்டத்தால் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. லாகூர் டிவிஷன் சிப்பாய்கள் மார்செய் துறைமுகத்தை நோக்கிக் கடலில் இருந்தார்கள், நான்கு நாள் கழித்துத்தான் இறங்கினார்கள். உயிர்க் கணக்கில் பார்த்தால் சென்னை அன்றைய போரின் ஓரத்தில் ஒரு தீப்பொறி.

எம்டனின் தளபதி கார்ல் ஃபான் ம்யூல்லர் அப்படி நினைக்கவில்லை. இந்திய மக்களின் கவனத்தை ஈர்க்க வேண்டும், ஆங்கிலேய வணிகத்தைக் கலைக்க வேண்டும், அவர்களின் மதிப்பைக் குறைக்க வேண்டும் என்பதே நோக்கம் என்று அவர் பின்னர் எழுதினார். நாம் பார்க்க வேண்டும் என்பதற்காகவே சுட்டார். செண்பகராமன் கதை பிழையானாலும் இதை மோப்பம் பிடித்திருக்கிறது. அரங்கேற்றம் நம்மை நோக்கியது என்று உணர்ந்து, மேடையில் நம்மவர் ஒருவரை ஏற்றிவிட்டது.

பார்த்தவர்கள் செய்தது வேறு. ஆயிரக்கணக்கானோர் சென்னையை விட்டு ஓடினார்கள். ஆதாரம் மெலிந்த இடத்துக்கு இப்போது வருகிறேன். 'எம்டன்' என்ற சொல்லைத் தமிழகம் முழுக்கக் கொண்டுபோனவர்கள் இந்த ஓடியவர்கள்தான் என்பது என் கருத்து. பத்திரிகை கப்பலின் பெயரைக் கொடுக்கும். 'அவன் பெரிய எம்டன்' என்று மனிதனுக்குப் பட்டம் சூட்ட, பயந்த வாய் வேண்டும். பொருளும் கரைக்குக் கரை மாறுகிறது. சிங்களத்தில் தந்திரக்காரன். மலையாளத்தில் 'எமண்டன்' என்றால் மிகப் பெரியது, அதன் மூலம் இந்தக் கப்பல்தானா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. தமிழில் பிடிகொடுக்காத கெட்டிக்காரன், பிறகு யாரும் எதிர்த்துப் பேச முடியாத கண்டிப்புக்காரன். இந்த இரண்டாவது பொருளுக்கு எமன் என்ற சொல்லின் நிழலும் உதவியிருக்கும். கெட்டிக்காரன் எப்போது கண்டிப்புக்காரன் ஆனான் என்பதற்கு என்னால் ஆண்டு குறிக்க முடியவில்லை. 2006இல் வந்த படத்தில் அப்பா அந்த இரண்டாவது வகை. 'எம்டன் மகன்' என்று வைத்த பெயரை, தமிழ்ப் பெயருக்கான வரிவிலக்கு வேண்டி 'எம் மகன்' என்று மாற்றினார்கள்.

சடையங்குப்பத்துப் பெரியவரிடம் கிளம்பும்போது செண்பகராமன் பற்றிய என் முடிவைச் சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "அப்ப அந்த லைட்ட அணைக்காம வுட்டவன் யாரு?" என்றார்.