ரஞ்சன்காவ் சாலையில் ஒரு கலவரம், திருச்சியில் பிறந்த ஒரு பாதிரியார்: ஸ்டேன் சுவாமி வழக்கு சொல்வது என்ன?

புனேயிலிருந்து அகில்யாநகர் (பழைய பெயர் அகமதுநகர்) போகும் நெடுஞ்சாலையில் சுமார் 50 கிலோமீட்டர் போனால் ரஞ்சன்காவ் வரும். அஷ்டவிநாயகர் தலங்களில் ஒன்றான மகாகணபதி கோயில் ஒரு பக்கம், எல்ஜி, ஃபியட், வேர்ல்பூல் ஆலைகள் இருக்கும் எம்ஐடிசி தொழிற்பேட்டை இன்னொரு பக்கம். புனேயில் தங்கி, கம்பெனி பஸ்ஸில் தினமும் இங்கே வேலைக்குப் போய்வரும் தமிழ் இளைஞர்கள் உண்டு.

அந்த பஸ் போகும் வழியில் ஒரு ஊர் கோரேகான் பீமா. வெளியே பிரபலமான பெயர் 'பீமா கோரேகான்'. 2018 ஜனவரி 1 அன்று அங்கே வெடித்த வன்முறையை ஒட்டிய வழக்கில்தான், சுமார் மூன்றாண்டுகள் கழித்து, ஜார்க்கண்டில் இருந்த 83 வயதுத் தமிழ்ப் பாதிரியார் ஒருவர் கைதானார். கடைசிவரை அவர் ஜாமீனில் வெளியே வரவில்லை.

அரசையும் அதன் ஆயுத பலத்தையும் மத நம்பிக்கையின் பெயரால் கேள்வி கேட்கிறவர்களுக்கு என்ன நடக்கிறது? ஸ்டேன் சுவாமியின் கதை வழியாகப் பார்க்கலாம்.

யார் இந்த ஸ்டேன் சுவாமி?

முழுப்பெயர் ஸ்டானிஸ்லாஸ் லூர்துசாமி. 1937 ஏப்ரல் 26 அன்று திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்தவர். 1957-இல் இயேசு சபையில் சேர்ந்தார். 1970-களின் தொடக்கத்தில் பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவில் சமூகவியல் படித்தார். அப்போது அங்கே மார்க்கோஸ் ஆட்சி. பிறகு 1975 முதல் 1986 வரை பெங்களூரு இந்திய சமூக நிறுவனத்தின் இயக்குநர்.

அதன்பின் அவர் வாழ்க்கை ஜார்க்கண்ட் ஆதிவாசிகளோடுதான். ராஞ்சியை அடுத்த நாம்கும் பகுதியில் 'பகாய்சா' என்ற மையத்தைத் தொடங்கி, அங்கேயே தங்கினார்.

ஒரு பாதிரியாருக்கு ஏன் இந்த வேலை?

பலரும் கேட்கும் கேள்வி இது. பதிலைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1960-களின் இறுதியில் லத்தீன் அமெரிக்காவில் 'விடுதலை இறையியல்' என்ற சிந்தனை வளர்ந்தது. ஏழையின் வறுமைக்கு விதி காரணமல்ல, அது ஆட்சியாலும் பொருளாதாரத்தாலும் உருவாக்கப்பட்டது. அதை எதிர்ப்பதும் வழிபாட்டின் ஒரு பகுதி என்பது அதன் சாரம். 1974–75இல் கூடிய இயேசு சபையின் 32-வது பொதுப்பேரவை, நம்பிக்கைக்கான பணியையும் நீதிக்கான பணியையும் பிரிக்க முடியாது என்று அதிகாரபூர்வமாகவே அறிவித்தது. ஆக, ஸ்டேன் சுவாமி சபையின் விதியை மீறி அரசியலுக்குப் போனவர் அல்ல. சபை கொடுத்த வேலையைச் செய்தவர்.

இது கிறிஸ்தவத்துக்கு மட்டும் உரிய விஷயமும் அல்ல. பல்லவ மன்னனின் ஆணைக்குப் பணிய மறுத்த அப்பரின் வரலாற்றைப் பெரியபுராணம் சொல்கிறது. நம் காலத்திலேயே, ஆரிய சமாஜத் துறவி சுவாமி அக்னிவேஷ் ஹரியானாவில் கல்வி அமைச்சராக இருந்தவர். பிறகு கொத்தடிமை முறைக்கு எதிராகவும், சத்தீஸ்கரில் அரசு ஆதரவோடு இயங்கிய சல்வா ஜூடும் படைக்கு எதிராகவும் நின்றார். 2018 ஜூலையில் ஜார்க்கண்டின் பாகூரில் அவரை ஒரு கும்பல் தாக்கியது. காவி உடை அவரைக் காப்பாற்றவில்லை.

அரசோடு அவருக்கு என்ன பிரச்சினை?

மத்திய இந்தியாவின் காடுகளில் 2009 வாக்கில் மாவோயிஸ்டுகளுக்கு எதிராகப் பெரிய அளவில் துணை ராணுவப் படைகள் இறக்கப்பட்டன. ஊடகங்கள் வைத்த பெயர் 'ஆபரேஷன் கிரீன் ஹன்ட்'. மாவோயிஸ்ட் வன்முறை நிஜம். அதில் காவலர்களும் கிராமத்தினரும் இறந்ததும் நிஜம். ஸ்டேன் சுவாமி கேட்டது வேறொன்று: இந்தப் போரின் பெயரில் சிறைக்குப் போகிறவர்கள் யார்?

அவர் கையில் எடுத்தது புள்ளிவிவரம். நக்சல் என்று குற்றம்சாட்டப்பட்ட 102 விசாரணைக் கைதிகளைப் பற்றிய ஆய்வை 2016-இல் பகாய்சா வெளியிட்டது. மாவோயிஸ்டுகளோடு தங்களுக்குத் தொடர்பில்லை என்றே அவர்களில் பெரும்பாலானோர் சொன்னார்கள். மாதம் ஐந்தாயிரம் ரூபாய்கூடச் சம்பாதிக்காத குடும்பங்களே அதிகம். கைதிகள் தங்களைப் பற்றிச் சொன்னதை மட்டும் வைத்து அவர்கள் நிரபராதிகள் என்று முடிவுகட்ட முடியாது. ஆனால் வழக்கை வேகமாக நடத்தி உண்மையைக் கண்டுபிடியுங்கள் என்று கேட்க இது போதும். அதைத்தான் அவர் ஜார்க்கண்ட் உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்காகக் கேட்டார்.

கூடவே நிலம். ஆதிவாசிப் பகுதிகளில் கிராம சபைக்கு அதிகாரம் தரும் 1996-ஆம் ஆண்டின் பெசா சட்டமும், 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமும் ஏன் நடைமுறைக்கு வரவில்லை என்று தொடர்ந்து எழுதினார். 2018-இல், அரசியல் சாசன உரிமைகளைக் கல்லில் பொறித்து ஊர் எல்லையில் நடும் 'பத்தல்கடி' இயக்கம் நடந்தபோது, ஃபேஸ்புக் பதிவுகளுக்காக அவர் உட்பட 20 பேர் மீது குந்தி போலீஸ் தேசத்துரோக வழக்குப் போட்டது.

சரி, இதில் கோரேகான் பீமா எங்கே வருகிறது?

1818 ஜனவரி 1 அன்று இங்கே பேஷ்வா படைக்கும் ஆங்கிலேயப் படைக்கும் சண்டை நடந்தது. ஆங்கிலேயர் பக்கம் போரிட்ட மகர் வீரர்களின் நினைவாக, தலித் மக்கள் ஆண்டுதோறும் பெர்ணே அருகே உள்ள நினைவுத் தூணுக்கு வருகிறார்கள். 2018 அதன் 200-வது ஆண்டு. முந்தைய நாள் புனே சனிவார்வாடாவில் 'எல்கார் பரிஷத்' கூட்டம் நடந்தது. மறுநாள் நெடுஞ்சாலையில் கல்வீச்சு, தீவைப்பு, ஒருவர் கொல்லப்பட்டார்.

போலீஸ் இரண்டு திசைகளில் போனது. ஜனவரி 2 அன்று பிம்ப்ரியில் பதிவான புகாரில் இந்துத்துவத் தலைவர்களான மிலிந்த் ஏக்போட்டே, சம்பாஜி பிடே பெயர்கள் இருந்தன. ஜனவரி 8 அன்று புனே விஷ்ராம்பாக் காவல் நிலையத்தில் பதிவான புகார், எல்கார் பரிஷத் பேச்சுகளே வன்முறைக்குக் காரணம் என்றது. இந்த இரண்டாவது வழக்குதான் வளர்ந்து, தடைசெய்யப்பட்ட மாவோயிஸ்ட் கட்சியின் சதி வழக்காக மாறியது. மொத்தம் 16 பேர் கைதானார்கள். கடைசியாகக் கைதானவர் ஸ்டேன் சுவாமி.

அவர் மாவோயிஸ்ட் கட்சி உறுப்பினர், கட்சிக்காக நிதி பெற்றார் என்பது என்ஐஏ வைத்த குற்றச்சாட்டு. கைதுக்கு முன் பதிவுசெய்த வீடியோவில், கோரேகான் பீமாவுக்குத் தான் போனதே இல்லை என்றும், தன் கணினியில் இருந்ததாகக் காட்டப்பட்ட ஆவணங்கள் தன்னுடையவை அல்ல என்றும் அவர் மறுத்தார்.

தேதிவாரியாக நடந்தது

- 2018 ஆகஸ்ட் 28, 2019 ஜூன் 12: பகாய்சாவில் புனே போலீஸ் சோதனை.
- 2020 ஜனவரி: மகாராஷ்டிராவில் ஆட்சி மாறிய சில வாரங்களில், வழக்கை மத்திய அரசு என்ஐஏவுக்கு மாற்றியது.
- 2020 அக்டோபர் 8: ராஞ்சியில் கைது. மறுநாளே குற்றப்பத்திரிகை. நவி மும்பை தலோஜா சிறையில் அடைப்பு.
- 2020 நவம்பர் 6: பார்க்கின்சன் நோயால் கை நடுங்குகிறது, டம்ளரைப் பிடிக்க முடியவில்லை, சிப்பரும் ஸ்ட்ராவும் வேண்டும் என்று மனு. பதில் சொல்ல என்ஐஏ 20 நாள் அவகாசம் வாங்கியது. பிறகு, அப்படி எதையும் அவரிடமிருந்து எடுக்கவில்லை என்றது. பின்னர் சிறை நிர்வாகம் சிப்பர் கொடுத்தது.
- 2021 மார்ச் 22: சிறப்பு நீதிமன்றம் ஜாமீனை மறுத்தது.
- 2021 மே 21: வீடியோ மூலம் உயர் நீதிமன்றத்தில் பேசிய அவர், அரசு மருத்துவமனைக்குப் போவதைவிடச் சிறையிலேயே இறப்பதை ஏற்பதாகவும், ராஞ்சிக்குத் திரும்பவே விரும்புவதாகவும் சொன்னார்.
- 2021 மே 28: பாந்த்ரா ஹோலி ஃபேமிலி மருத்துவமனைக்கு மாற்ற உத்தரவு. அங்கே கொரோனா தொற்று உறுதியானது.
- 2021 ஜூலை 5: ஜாமீன் மனு விசாரணைக்கு வந்த நேரத்தில், அவர் இறந்துவிட்டார் என்று நீதிபதிகளிடம் சொல்லப்பட்டது. வயது 84.

கைதிலிருந்து மரணம்வரை 270 நாட்கள். அதுவரை வழக்கின் விசாரணை தொடங்கவே இல்லை.

ஜாமீன் ஏன் கிடைக்கவில்லை?

'உபா' என்று நாம் சுருக்கமாகச் சொல்லும் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம்தான் காரணம். சாதாரண வழக்கில் ஜாமீன் பொது விதி, சிறை விதிவிலக்கு. உபாவில் இது தலைகீழ்.

மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு 2008 டிசம்பரில் சேர்க்கப்பட்ட 43டி(5) பிரிவு சொல்வது இதுதான்: போலீஸ் தரும் ஆவணங்களைப் பார்த்து, குற்றச்சாட்டு முதல் பார்வைக்கு உண்மை என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால் நீதிமன்றம் ஜாமீன் தரக் கூடாது. ஜாமீன் கட்டத்தில் சாட்சியங்களை ஆழமாக அலசக் கூடாது என்று 2019 ஏப்ரலில், வதாலி வழக்கில், உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. விசாரணை ரொம்ப இழுத்தால் உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் ஜாமீன் தரலாம் என்று 2021 பிப்ரவரியில், நஜீப் வழக்கில், ஒரு கதவு திறந்தது. ஸ்டேன் சுவாமிக்கு அது உதவவில்லை. இறப்பதற்குச் சில நாட்கள் முன்புதான் அவர் தரப்பு 43டி(5) பிரிவையே எதிர்த்து மனு போட்டிருந்தது.

கணக்கையும் பார்த்துவிடலாம். மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தந்த எண்களின்படி, 2018 முதல் 2020 வரை உபாவில் கைதானவர்கள் 4,690 பேர். தண்டனை பெற்றவர்கள் 149 பேர். தண்டனை பெற்றவர்களில் பலர் முந்தைய ஆண்டுகளில் கைதானவர்களாக இருக்கலாம் என்பதால், ஒன்றை மற்றொன்றால் வகுத்து 'தண்டனை விகிதம்' என்று சொல்வது சரியாகாது. ஆனால் உள்ளே போகும் வேகத்துக்கும் வழக்கு முடியும் வேகத்துக்கும் உள்ள இடைவெளி தெளிவாகத் தெரிகிறது.

அரசு தரப்பு என்ன சொன்னது?

அவர் இறந்த மறுநாள் வெளியுறவு அமைச்சகம் விளக்கம் தந்தது. கைது சட்டப்படி நடந்தது. குற்றச்சாட்டுகளின் தன்மையால்தான் நீதிமன்றங்கள் ஜாமீன் தரவில்லை. நீதிமன்றக் கண்காணிப்பில் தனியார் மருத்துவமனையில் சிகிச்சை கிடைத்தது என்பது அதன் வாதம்.

மறுபக்கம், அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் என்ற டிஜிட்டல் தடயவியல் நிறுவனம் 2022 டிசம்பரில் அறிக்கை தந்தது. 2014 முதல் 2019 வரை அவர் கணினி ஹேக் செய்யப்பட்டிருந்தது. 40-க்கும் மேற்பட்ட ஆவணங்கள் வெளியிலிருந்து வைக்கப்பட்டவை என்றது அது. இந்த நிறுவனத்தை அமர்த்தியது வழக்கின் எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆர்சனலின் அறிக்கைகளை என்ஐஏ ஏற்கவில்லை. எது உண்மை என்பது விசாரணையில் முடிவாக வேண்டிய விஷயம். அந்த விசாரணைக்கு ஸ்டேன் சுவாமி உயிரோடு இல்லை.

தமிழ் உலகில் வேறு உதாரணம் உண்டா?

உண்டு. மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப். அவருடைய ஆயுதமும் ஒரு கழித்தல் கணக்குதான். 2011 ஜனவரியில், இலங்கை அரசே அமைத்த நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் அவர் வைத்த எண்கள் இவை:

- 2008 அக்டோபரில், கச்சேரிக் கணக்குப்படி வன்னியில் இருந்தவர்கள்: 4,29,059
- போர் முடிந்தபின் அரசுக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தவர்கள்: 2,82,380
- வித்தியாசம்: 1,46,679

இத்தனை பேரும் இறந்தார்கள் என்று அவர் சொல்லவில்லை. இவர்களுக்கு என்ன ஆனது என்றுதான் கேட்டார். அரசு இந்த எண்ணை ஏற்கவில்லை. 2012-இல் குற்றப் புலனாய்வுத் துறை அவரை விசாரித்தது. 2021 ஏப்ரல் 1 அன்று அவர் இறந்தார்.

இன்னும் தள்ளிப் பார்த்தால், வியட்நாம் போரை எதிர்த்து 1967 ஏப்ரல் 4 அன்று நியூயார்க் தேவாலயத்தில் பேசினார் போதகர் மார்ட்டின் லூதர் கிங். சரியாக ஓராண்டில் சுட்டுக்கொல்லப்பட்டார். மக்களைக் கொல்லாதீர்கள் என்று ராணுவ வீரர்களிடமே கேட்ட எல் சால்வடார் பேராயர் ஆஸ்கர் ரொமேரோ, மறுநாள், 1980 மார்ச் 24 அன்று, பலிபீடத்தின் அருகே கொல்லப்பட்டார்.

மதத் தலைவர்கள் அரசியல் பேசலாமா?

சட்டப்படி, வழிபாட்டுத் தல வளாகத்தை அரசியல் நடவடிக்கைக்குப் பயன்படுத்த 1988-ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதிக்கிறது. மதத்தின் பெயரால் ஓட்டுக் கேட்பதும் தேர்தல் சட்டப்படி தவறு. ஆனால் பாதிரியாரோ துறவியோ இமாமோ ஒரு குடிமகனாக அரசை விமர்சிப்பதற்குத் தடையில்லை. பேச்சுரிமை அங்கி பார்த்து வருவதில்லை.

மதத்தலைவர் சொன்னாலே சரி என்றும் ஆகிவிடாது. போரை ஆசீர்வதித்த மதகுருக்களும் எல்லா நாட்டிலும் இருந்திருக்கிறார்கள். எனவே யார் சொன்னார் என்பதோடு, எதை வைத்துச் சொன்னார் என்று பார்ப்பதே நல்லது. ஸ்டேன் சுவாமியும் இராயப்பு ஜோசப்பும் வைத்தவை சரிபார்க்கக்கூடிய எண்கள். சரிபார்க்கும் வேலை அரசுடையது.

இப்போது என்ன நிலை?

கைதான 16 பேரில் பலர் அடுத்தடுத்து ஜாமீன் பெற்றார்கள். 2018 ஜூனில் முதலில் கைதானவர்களில் இருவருக்கு மும்பை உயர் நீதிமன்றம் 2025 ஜனவரியில் ஜாமீன் தந்தபோது, ஆறரை ஆண்டு சிறைவாசத்தையும் விசாரணை விரைவில் முடிய வாய்ப்பில்லாததையும் காரணமாகக் காட்டியது. ஸ்டேன் சுவாமியின் பெயரைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கக் கோரி, மும்பை செயின்ட் சேவியர் கல்லூரியின் முன்னாள் முதல்வரான பாதிரியார் பிரேசர் மஸ்கரேனஸ் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்.

சட்டத்தின் கண்ணில், குற்றம்சாட்டப்பட்டவர் இறந்தால் அவர் மீதான வழக்கு முடிந்துவிடும். குற்றவாளி என்றும் தீர்ப்பில்லை, நிரபராதி என்றும் தீர்ப்பில்லை. ஜார்க்கண்ட் விசாரணைக் கைதிகளுக்காக அவர் எழுப்பிய கேள்வியும் இதேதான்: தீர்ப்பு வருவதற்கு முன்பே ஒருவரை எத்தனை ஆண்டு சிறையில் வைக்கலாம்?