வெறும் போத்தல் காசு

மல்வேர்னில் பேரப்பிள்ளையின் பழைய தள்ளுவண்டிலில் வெறும் போத்தல்களை அடுக்கித் தள்ளிக்கொண்டு போகும் ஐயாமாரைக் கண்டால் எம்மவரில் பலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். நாங்களும் திருப்பியிருக்கிறோம். இரவு ஒரு மணிக்கு றெஸ்ரோறன்ட் நிலக்கீழறையில் அதே போத்தல்களைப் பெட்டியில் அடுக்குகிறவர்களும் நாங்கள்தான்.

அந்தச் சில்லறைக்கு ஒரு வரலாறு உண்டு. 1927இல் ஒன்ராறியோவில் மதுவிலக்கு நீங்கியதும் பியர்க் கம்பனிகள் கூட்டாகத் தமது விற்பனை அமைப்பைத் தொடங்கின. போத்தல் அவர்களுடைய முதல். திரும்பி வந்தால்தான் கழுவி மறுபடி நிரப்பலாம். அதனால் முற்பணம். இப்போதும் 341 மில்லிலீற்றர் போத்தலுக்குப் பத்துச் சதம். ஊரிலும் இதே கதைதானே? சோடாவைக் கடைவாசலில் நின்று குடிக்கவேண்டும். போத்தலை வீட்டுக்குக் கொண்டுபோவதென்றால் காசு கட்டவேண்டும். சுற்றாடல் என்ற சொல்லை அங்கு எவரும் உச்சரித்ததில்லை.

இங்கே சோடாப் போத்தலின் விதி 1985இல் மாறியது. திருப்பி நிரப்பாத கொள்கலன்களுக்கு மாகாண அரசு இடம்விட்டது; பதிலுக்கு நீலப்பெட்டித் திட்டத்துக்குக் குளிர்பானக் கம்பனிகள் பணம் தந்தன. தந்தது தொடக்கச் செலவில் ஒரு பங்கு. வீடுவீடாக அள்ளும் செலவு நெடுங்காலம் நகரசபைகளின் தலையில், அதாவது வரி கட்டும் எங்கள் தலையில் விழுந்தது. மலிவான பேரம்தான், கம்பனிகளுக்கு.

வைன் போத்தல்களும் நீலப்பெட்டிக்குள் போயின. அங்கே உடைந்து நிறம் கலந்த கண்ணாடியில் பெரும்பகுதி புதுப்போத்தல் வார்க்க உதவவில்லை. 2006 செப்ரெம்பரில் முதல்வர் டால்ரன் மக்கின்ரி அறிவித்தபடி, 2007 பெப்ரவரி 5 முதல் வைன், சாராயப் போத்தல்களுக்கும் முற்பணம் வந்தது: 630 மில்லிலீற்றருக்கு மேற்பட்டதற்கு 20 சதம், மற்றதற்கு 10. திருப்பி வாங்கும் வேலை பியர்க் கடைகளிடம் போனது.

எங்கள் வேலையிடத்தில் அந்தக் காசு சமையலறைக்கு என்பது வழக்கம். கோப்பை கழுவுகிறவருக்கு அது பஸ் காசு. பிறகு முதலாளி அதையும் தன் கணக்கில் எழுதிக்கொண்டார்.

சோடாவுக்கும் முற்பணம் வைக்கும் யோசனையை மாகாண அரசு 2023இல் எடுத்து 2024இல் கைவிட்டது. 2024 செப்ரெம்பரில் மூலைக்கடைகளுக்கும் பியர் வந்தது. அதன்பின் பியர்க் கடைகள் ஒவ்வொன்றாக மூடப்படத் தொடங்கின.

போன மாதம் பஸ்ஸில் ஓர் ஐயா இரண்டு பை போத்தல்களோடு ஏறினார். “கிட்டத்துக் கடையைப் பூட்டிப்போட்டாங்கள், தம்பி” என்றார். ஒரு பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டோம்.