ஃபர்ஸ்ட் குரூப்

உடையார்பாளையத்தில் பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளையைப் பார்த்ததும் உறவினர் கேட்பது, "என்ன குரூப்பு எடுக்கப்போற?" இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம் என்றால் ஃபர்ஸ்ட் குரூப், கணிதத்தை விட்டுத் தாவரவியல், விலங்கியல் என்றால் பியூர் சயின்ஸ். எதைச் சொன்னாலும் அடுத்த கேள்வி, "டாக்டருக்கா?"

இத்தாலியின் 'குருப்போ' பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து 'குரூப்' ஆனது. தொடக்கத்தில் அது ஓவியர்களின் சொல். படத்தில் சேர்ந்து நிற்கும் உருவங்களைக் குறித்தது. தமிழ்நாட்டில் பி.யு.சி. என்ற புகுமுக வகுப்புகளில் பாடத்தொகுதியின் பெயராகி, 1978இல் மேல்நிலைக் கல்வி வந்ததும் பள்ளிக்கு இறங்கியது.

அமெரிக்கக் கல்லூரியில் 'பிரீ-மெட்' என்பது பாடப்பிரிவு அல்ல, விருப்ப அறிவிப்பு. வரலாறு படிப்பவரும் தேவையான அறிவியல் பாடங்களைச் சேர்த்துக்கொண்டு அப்படிச் சொல்லலாம். நம் பிள்ளைகள் பதினைந்து வயதில் குரூப்பால் அதை அறிவிக்கிறார்கள். இது மிகச் சிறிய வயது.

2017இல் மருத்துவ நுழைவுத் தேர்வான நீட் தமிழ்நாட்டுக்கு வந்தபின் குரூப் வெறும் தகுதியாகச் சுருங்கியது. அந்த ஆண்டு பிளஸ் டூவில் 1,200க்கு 1,176 எடுத்தும் மருத்துவ இடம் கிடைக்காத குழுமூர் அனிதாவை நாம் இழந்தோம். அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி அரங்கம் இன்று அவர் பெயரைத் தாங்குகிறது. பிளஸ் டூ முடித்தும் நீட் தேர்வுக்கு மீண்டும் படிப்பவர்களுக்கு இப்போது 'ரிப்பீட்டர்' என்று பெயர்.