எழுதாத கோழிச் சட்டம்

வீட்டுக் கோழிக்கு நம் கிராமங்களில் விதியே இருந்ததில்லை என்று நினைப்பது தவறு. விதி இருந்தது, எழுத்தில் இல்லை, அவ்வளவுதான். காவிரிப்பூம்பட்டினத்தில், காயும் தானியத்தைக் கொத்த வந்த கோழியை விரட்டக் காதுக் குழையைக் கழற்றி எறிந்த பெண்களைப் பட்டினப்பாலை காட்டுகிறது. ஊரின் செல்வத்துக்குச் சான்றாகவே அதைச் சொல்வார்கள். எனக்கு அதில் ஒரு வழக்கமும் தெரிகிறது: கோழி கட்டின்றித் திரியும், முற்றத்துத் தானியத்தைக் காப்பது அதைக் காயப்போட்டவர் பொறுப்பு. இந்தளூரிலும் விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்திலும் சண்டைச் சேவல்களுக்கு நடுகல் எடுத்திருக்கிறார்கள். அவற்றின் கல்வெட்டுகள் ஒன்றை மேற்சேரிக் கோழி என்றும் மற்றதைக் கீழ்ச்சேரிக் கோழி என்றும் குறிக்கின்றன. ஒரு வீட்டின் பறவைக்குச் சேரியே உரிமை கொண்டாடியிருக்கிறது. நடுகற்கள் மலிந்த தகடூர் நாட்டு, அதாவது இன்றைய தருமபுரிப் பகுதி, மக்களுக்கு இந்த மனநிலை புதிதல்ல.

தொப்பூர் அந்த நாட்டின் தெற்கு வாசல். இத்தகைய ஊர்களில் காலையில் பஞ்சாரத்தைத் தூக்கினால் கோழி குப்பைமேட்டுக்கும் களத்துக்கும் போகும், பொழுது சாய்ந்தால் கொடாப்புக்குத் திரும்பும். விதைத்த காட்டில் இறங்கினால் வளர்த்தவர் பதில் சொல்ல வேண்டும். இந்த ஏற்பாடு ஓடியது இடம் இருந்ததால்தான். ஏட்டுச் சட்டமோ வேறு பக்கம் பார்த்தது. 1920இன் மாவட்ட நகராட்சிச் சட்டம் முதல் 1994இன் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வரை, உரிமம் கேட்டது ஆபத்தும் அருவருப்பும் தரும் தொழில்களுக்கு. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டுதல் 5,000 பறவைகளில்தான் தொடங்குகிறது. அது நாமக்கல் பண்ணைக்குப் பொருந்தும், பத்துச் சிறுவிடைக் கோழி வைத்திருக்கும் வீட்டுக்கு அல்ல.

இன்று ஏழைக் குடும்பத்துக்குக் கிராமத்தில் கிடைக்கும் இலவச மனை பெரும்பாலும் 3 சென்ட்டுக்குள் அடங்கும், அதாவது சுமார் 1,307 சதுர அடி. வீடு, கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி போக மிஞ்சுவது ஒரு சந்து. கொடாப்பு அந்தச் சந்தில், பக்கத்து வீட்டு அடுப்படிச் சுவரை ஒட்டித்தான் நிற்கும். மழைக்கு நனைந்த எச்சத்தின் நாற்றம் அந்த ஜன்னலுக்குள் போகும். குப்பைமேடும் களமும் இல்லாத இடத்தில் பழைய விதியைச் சொல்லி யாரையும் சமாதானப்படுத்த முடியாது; எழுதிய விதி வேண்டும்.

விதி எழுதினால் கைச்செலவுக்கு முட்டை விற்கும் பெண்தான் முதலில் அடிபடுவாள் என்பார்கள். அஞ்ச வேண்டிய விஷயம்தான், உரிமக் கட்டணம் வைத்தால் நிச்சயம் அப்படித்தான் நடக்கும். ஆனால் எழுத்தில் ஒன்றும் இல்லாதபோது, புகார் கொடுப்பவரின் செல்வாக்கே சட்டமாகிவிடுகிறது. இத்தனை கோழி வரை கேள்வியில்லை என்று தாளில் இருந்தால் அவளுக்கு அது கேடயம். 2006இல் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் வந்ததைக் காட்டி, வீட்டுக் கோழியே வேண்டாம் என்போரும் உண்டு. நவாப்பூர் பண்ணைகள் நெருங்கிய ஊர். நோய்க்கு மருந்து தடையல்ல, கூட்டின் சுத்தம்தான். வெள்ளைக்கழிச்சலுக்கோ கால்நடைத்துறை இலவசமாகவே தடுப்பூசி போடுகிறது.

ஆகவே கட்டணமில்லாத ஒரு சின்ன விதி போதும். மனைக்குப் பத்துக் கோழி, ஒரு சேவல். கொடாப்பு அண்டைச் சுவரிலிருந்து சில அடி தள்ளி. எச்சம் அன்றன்றைக்கே எருக்குழிக்கு. தொப்பூர்ப் பெண்கள் இதை வரும் அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டும்.