பாசறைக்குள் ஓர் அமானிதம்

சேவுகம்பட்டியிலிருந்து திண்டுக்கல்லுக்குச் செல்லும்போதெல்லாம், நகரை நெருங்கியதும் நம் கண்கள் முதலில் தேடுவது அந்தப் பெரும்பாறையைத்தான். திண்டு போலக் கிடக்கும் அக்கல்லே ஊருக்குப் பெயர் தந்தது என்பர். 1605 ஆம் ஆண்டில் மதுரை முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் அதன்மீது கோட்டை எழுப்பினார். 1755 இல் மைசூர் அரசின் சார்பில் இங்கு வந்த ஹைதர் அலி, அதனைத் தம் வலிமைக்குத் தளமாக்கிக் கொண்டார். பின்னர் ஆங்கிலேயரும் மைசூராரும் அதனை மாறி மாறிக் கைப்பற்றினர். 1792 ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் அது கம்பெனியார் வசமாயிற்று. 1860 வரை ஆங்கிலேயர் படை அங்கே தங்கியிருந்தது. கோட்டையின் அண்மையில் உள்ள பேகம்பூர், ஹைதரின் குடும்பத்துப் பெண்மணி ஒருவரின் அடக்கத்தலத்தால் அப்பெயர் பெற்றது என்பது ஊரார் வழக்கு.

படைக்காகவே பிறந்து, படையின் கையிலேயே வளர்ந்த இக்கோட்டையைக் காணுந்தோறும் நம் உள்ளத்தில் ஒரு வினா எழும். படை தங்கிய இடத்திலுள்ள பழம்பொருளுக்குப் பொறுப்பாளர் யார்?

மத்ரஸாவில் ஃபிக்ஹு ஓதியோர் ‘வதீஆ’ என்னும் பாடத்தை அறிவர். பிறர் பொருளை அமானிதமாகப் பெற்றவர் அதனைத் தக்க இடத்தில் வைத்துக் காக்க வேண்டும். அவர்மீது தவறேதுமின்றி அது அழிந்தால், ஈடு கேட்பதற்கில்லை. ஆனால், உரியவரின் அனுமதியின்றித் தம் தேவைக்கு அதனைப் பயன்படுத்தினாலோ, காப்பதில் அசட்டையாக இருந்தாலோ, ஈடு செய்யும் பொறுப்பாகிய ‘ளமான்’ அவரைச் சாரும். இந்த அளவுகோலைக் கையிற்கொண்டு வரலாற்றை நோக்குவோம்.

டில்லிச் செங்கோட்டை, பேரரசர் ஷாஜஹான் 1639 இல் தொடங்கி 1648 இல் நிறைவு செய்த அரண்மனைக் கோட்டை. 1857 புரட்சியை ஒடுக்கிய ஆங்கிலேயர், வெளிமதிலை வைத்துக்கொண்டு, உள்ளிருந்த மாளிகைகளிலும் முற்றங்களிலும் பெரும்பகுதியை இடித்துத் தள்ளினர். அந்தப்புரங்கள் விளங்கிய நிலத்தில் சிப்பாய்களின் விடுதிகள் எழுந்தன. எஞ்சி நின்ற ரங் மஹால் படையினரின் உணவுக்கூடமாயிற்று. கட்டடக்கலை வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் ஃபெர்குசன், தாமும் பிரிட்டிஷாரே ஆயினும், 1876 இல் வெளிவந்த தம் நூலில் இதனை வன்மையாகக் கண்டித்தார். இடிப்பதற்கு முன் ஒரு வரைபடமேனும் எடுத்துவைக்க எவரும் கருதவில்லையே என்பது அவர் பெருங்குறை. அமானிதம் அழிந்தது மட்டுமன்று, இன்னதுதான் அழிந்தது என்னும் சான்றும் அதனோடு அழிந்தது.

விடுதலைக்குப் பின் அக்கோட்டை நம் இந்தியப் படையின் பொறுப்பில் இருந்தது. 2003 டிசம்பரில் படையினர் அதனை இந்தியத் தொல்பொருள் ஆய்வுத் துறையிடம் ஒப்படைத்தனர். 2007 இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுள் அதுவும் இடம்பெற்றது. வெள்ளையர் கட்டிய விடுதிகளுள் சில 2019 இல் அருங்காட்சியகங்களாகத் திறக்கப்பட்டன. இடித்தவர் கட்டியதும் காலப்போக்கில் வரலாறாகிவிடுகிறது. சினத்தால் அதனையும் இடித்திருந்தால், நாம் அவர்கள் வழியையே பின்பற்றியவர்களாவோம்.

இவை பழங்காலத்துத் தவறுகள் என ஒதுக்குவதற்கில்லை. குர்ஆனில் பெயர் சுட்டப்பெறும் பாபில் நகரின் இடிபாடுகளின்மீது, 2003 இல் அமெரிக்கப் படை பாசறை அமைத்தது. பின்னர் போலந்துப் படையும் அங்கே தங்கியது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஜான் கர்ட்டிஸ், 2004 டிசம்பரில் அங்குச் சென்று சேதங்களைப் பதிவு செய்தார். சுமார் 2,600 ஆண்டுப் பழமையுடைய செங்கல் பாவிய வீதி, கனரக ஊர்திகளின் சக்கரங்களால் நொறுங்கியிருந்தது. தொன்மை மேட்டில் நீண்ட குழிகள் வெட்டப்பட்டிருந்தன. பழம் பானையோடுகள் கலந்த மண்ணே காவல் மூட்டைகளில் நிரப்பப்பட்டிருந்தது. கொள்ளையரைத் தடுக்கவே படை அங்கு வந்தது என்றனர். காக்க வந்தவர் கையாலேயே சேதம் நேர்ந்ததுதான் இதிலுள்ள துயரம்.

ஆயினும், படை என்றாலே அழிவு என்று கூறிவிடுதல் நீதியன்று. இங்கிலாந்தின் சாலிஸ்பரிச் சமவெளியில் 1897 முதல் படைத்துறை நிலம் வாங்கிப் பயிற்சி நடத்தி வருகிறது. ஆழ உழும் நவீன வேளாண்மை உள்ளே நுழையாததால், மற்றப் பகுதிகளில் மறைந்துபோன பழங்கால வயல்வரப்புகளும் ஈமமேடுகளும் அங்கே நிலைத்துள்ளன. தொன்மை இடங்களில் அடையாளப் பலகை நட்டு, தோண்டுவதையும் ஊர்திகள் ஏறுவதையும் தடுத்துள்ளனர். 2011 முதல், போரில் காயமுற்ற வீரர்களையே அகழாய்வில் ஈடுபடுத்தி, அவர்தம் மனப்புண்ணுக்கும் மருந்து தேடுகின்றனர்.

நம் தமிழகத்திலும் இதற்குச் சான்று உண்டு. 1863 மே 30 அன்று, பல்லாவரம் கண்டோன்மென்ட்டின் படைத்திடலில் சரளைக்கல் வெட்டிய குழியொன்றில், நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழைய கற்கால ஆய்வு அங்கிருந்தே தொடங்கிற்று. சிப்பாய்கள் நாள்தோறும் அணிவகுத்த மண்ணுக்கடியில், மன்னர்களுக்கெல்லாம் முந்திய மனிதனின் கைவேலை உறங்கிக் கிடந்தது! அறிந்த கண் ஒன்று அங்கே சென்றிராவிட்டால், அக்கல் ஏதேனும் ஒரு சாலையின் அடியில் புதைந்திருக்கும்.

அந்த ‘அறிந்த கண்’தான் இதில் முதன்மையானது. 1954 ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கை, பண்பாட்டுச் சின்னங்களை மதிக்கும் விதிகளைப் படையின் ஒழுங்குமுறைகளிலேயே சேர்க்க வேண்டும் என்றும், அவற்றைக் காக்கும் வல்லுநரைப் படைக்குள்ளேயே அமர்த்தத் திட்டமிட வேண்டும் என்றும் கூறுகிறது. 1958 இல் இந்தியா அதில் இணைந்தது. அதே ஆண்டில்தான் நம் தொன்மைச் சின்னங்கள் பாதுகாப்புச் சட்டமும் நிறைவேறியது. நாட்டின் காவலுக்குப் படை வேண்டும்; அதற்கு நிலமும் வேண்டும். அந்நிலத்தில் எது எங்கே உள்ளது என்று முன்கூட்டியே எழுதி வைத்து, அதனை ஒவ்வோர் அதிகாரியும் தமக்குப் பின் வருபவரிடம் ஒப்படைத்தால், இரு கடமைகளும் ஒன்றையொன்று மோதாமல் நிறைவேறும்.

திண்டுக்கல் கோட்டையை விட்டுப் படை நீங்கி நூற்றாண்டுக்கு மேலாயிற்று. இன்று அது தொல்பொருள் ஆய்வுத் துறையின் பாதுகாப்பில் உள்ளது. ஆனால் படிகளில் ஏறிச் செல்வோர் நாமல்லவா? பிள்ளைகளை அழைத்துச் சென்று, நாயக்கரையும் ஹைதரையும் அவர்களுக்கு எடுத்துரைப்போம். சுவரில் தன் பெயரைக் கீற ஆணியெடுக்கும் சிறுவனின் கையை மெல்லப் பற்றித் தடுப்போம். ஷாஜஹானின் மாளிகையை இடித்த கடப்பாரையும் அந்த ஆணியும் அளவில்தான் வேறு. அமானிதம் இப்போது நம் கையில் இருக்கிறது; ளமானும் நம்மையே சாரும்.