உடற்பருமனும் வர்க்கமும்: சண்டிலிப்பாயை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

உடற்பருமன் மருத்துவருக்கு மட்டுமே உரிய விடயமாக நம்மிடையே பெரிதும் கருதப்பட்டு வந்துள்ளது. அளவறிந்து உண்ணாமையே அதற்குக் காரணம் என்ற எண்ணமும் வேரூன்றியுள்ளது. ஆயின், எவர் உழைத்தனர், எவர் உண்டனர், உணவு எவர் கையிலிருந்தது என்ற வினாக்களை விடுத்து இதனை விளக்குதல் இயலாது. வலிகாமம் தென்மேற்கிலுள்ள சண்டிலிப்பாய் இவ்வினாக்களை எழுப்புதற்கு ஏற்ற களமாகும்.

வழுக்கையாற்றை அண்டிய தாழ்நிலத்தில் மழையை நம்பிய ஒருபோக நெல்; மேட்டுநிலத் தோட்டங்களுக்குக் கிணற்றுநீர். நீர் இறைக்கும் இயந்திரம் பரவும்வரை, துலா மிதிப்போனும் பட்டை பிடிப்போனும் விடியுமுன்னரே வேலை தொடங்கினர். நிலம் பெரும்பாலும் வேளாளரிடமிருந்தது. வயலிலும் தோட்டத்திலும் பனையிலும் உழைத்தோருள் பள்ளரும் நளவரும் முதன்மையானவர். 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமை அடிமையுரிமையைச் சட்டமாகவே ஏற்றது. 1844இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தபோதும் நிலம் கைமாறவில்லை. சோறு உடையவனுக்கு நெல்லுச் சோறும் நெய்யும். உழைப்பவனுக்குக் குரக்கன், ஒடியற்கூழ், பினாட்டு, எஞ்சிய பழஞ்சோறு. இந்நிலையில் முன்தள்ளிய 'வண்டி' நோயின் அறிகுறியன்று. உடலுழைப்பினின்றும் விடுபட்டமைக்கான சான்று. (சின்னத்தம்பிப் புலவரின் கல்வளை அந்தாதிக்குரிய பிள்ளையார் இவ்வூரிலேயே கோயில் கொண்டுள்ளார். அவரது பேழை வயிற்றை வளத்தின் வடிவமாகக் கண்ட சமூகம், கமக்காரரின் வயிற்றையும் அவ்வாறே கண்டதில் வியப்பில்லை.)

எனவே உணவு பற்றிய போராட்டம் இங்கு அளவு பற்றியதாக மட்டும் இருக்கவில்லை. எவருடன், எப்பாத்திரத்தில் உண்பது என்பதும் அதன் கூறாகும். 1924இல் தோன்றிய வாலிபர் காங்கிரஸ் சமபந்தி போசனத்தை வற்புறுத்தியது. 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறிய பின்னரும் தேநீர்க் கடைகளிற் போத்தலும் தகரப் பேணியும் நீடித்தன. 1966 ஒக்டோபர் எழுச்சியைத் தொடர்ந்து அயலூரான சங்கானை உட்படப் பல இடங்களில் அவற்றிற்கெதிரான போராட்டம் நிகழ்ந்தது.

இதனிடையே உணவின் ஊற்றே மாறிற்று. 1942இல் பர்மா யப்பானியர் வசமானதும் அரிசி இறக்குமதி தடைப்பட்டது. கூப்பனும் சங்கக் கடையும் அன்றாட வாழ்வின் அங்கங்களாயின. நிலவுடையோரின் நெற்களஞ்சியத்தைச் சாராது ஏழைக்கும் அரிசி கிட்டியமை சிறு மாற்றமன்று. 1953இல் ஒரு கொத்தின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது ஓகஸ்ட் 12இல் ஹர்த்தால் வெடித்தமையை இப்பின்னணியிலேயே புரிந்துகொள்ளவேண்டும். 1970க்குப் பின் இறக்குமதிக் கட்டுப்பாட்டால் மிளகாய், வெங்காயச் செய்கையாளர் செழித்தனர். கூலியாளர் அதேயளவிற் செழித்தனரெனக் கூறவியலாது. பின்னர் கோதுமை மாவும் பாணும் மலிந்தன. 1990இன் பொருளாதாரத் தடையும் 1995 ஒக்டோபர் இடப்பெயர்வும் யாவரையும் மெலிவித்தன. எனினும் வெளிநாட்டுப் பணம் வரும் வீடும் வராத வீடும் ஒருபடித்தாய் மெலியவில்லை.

மேலைநாட்டு ஆய்வுகள் வேறொரு படத்தைத் தருகின்றன. 1965இல் வெளியான மன்ஹற்றன் ஆய்வு, தாழ்நிலைப் பெண்களிடை 30 வீதமாகவிருந்த பருமன் உயர்நிலைப் பெண்களிடை 5 வீதமே எனக் கண்டது. 1989இல் சோபலும் ஸ்ரங்காட்டும் 144 ஆய்வுகளை ஒப்புநோக்கி, வளர்முக நாடுகளில் இவ்வுறவு நேரெதிரானதென நிறுவினர். அங்கு செல்வரே பருத்தவர். ஆனால் இவ்விரு படங்களையும் 'பின்தங்கல்', 'முன்னேறல்' என ஒரே ஏணியின் படிகளாகக் கொள்வது எமக்கு உடன்பாடன்று. சண்டிலிப்பாயில் இரண்டும் ஒரே ஒழுங்கையில் அருகருகே இருக்கக்கூடும். வீட்டைவிட்டு வெளிச்செல்லாமையைக் கௌரவமாகக் கொண்ட குடும்பத்துப் பெண்ணின் பருமனுக்கும், பாணும் சீனித் தேநீரும் உண்டு கூலிக்குச் செல்பவளின் பருமனுக்கும் காரணம் ஒன்றன்று; நீரிழிவு மட்டும் இருவர்க்கும் பொதுவாகலாம்.

நீரிழிவுக்காரரைக் குரக்கனும் ஒடியலும் உண்ணுமாறு இப்போது அறிவுறுத்துகின்றனர். ஒரு காலத்தில் கூலியாளின் வீட்டை அடையாளப்படுத்திய அவ்வுணவு இன்று பொதியிலடைக்கப்பட்டுக் கடைத்தட்டில் விலைகூறி நிற்கின்றது. அதனை முன்னர் உண்டோரின் பேரப்பிள்ளைகள் பலரிடம் குரக்கன் விதைக்கக் காணியில்லை. மாலையில் அவர்கள் வாங்கிச் செல்வது பாணே.